அடைபட்ட மந்திரி

கடந்த வருடம் எங்கள் மாவட்டத்தில் நடந்த திறந்த சதுரங்கப் போட்டியில் முதன்முறையாகக் கலந்துகொண்டேன். சுற்றிவரப் பாடசாலைப் பிள்ளைகள். ஐம்பது வயதில் நான் ஒருத்திதான். என் பெயரைப் பதிந்தவள் மகள். 2009 இல் முகாமில் அவள் அழாமல் இருக்கவென்று மட்டையில் கட்டம் கீறி, போத்தல் மூடிகளைக் காய்களாக்கித் தொடங்கிய விளையாட்டு இது. பக்கத்துக் கூடாரத்து ஆசிரியை ஒருவர்தான் எங்கள் இருவருக்கும் சொல்லித்தந்தார்.

எனக்குப் பிடித்த தொடக்கம் பிரெஞ்சுத் தற்காப்பு. 1834 இல் லண்டனுடன் கடிதம் மூலம் தொடங்கிய ஆட்டத்தில் பாரிஸ் இதைக் கையாண்டு வென்றதால் அந்தப் பெயர். வெள்ளை தன் அரசனின் முன்னாலுள்ள சிப்பாயை இரண்டு கட்டம் நகர்த்த, கறுப்பு ஒரு கட்டம் மட்டுமே நகர்த்தும். உறுதியான ஆட்டம். ஆனால் ஒரு குறை. அந்தச் சிப்பாயே அரசியின் பக்கத்து மந்திரிக்கு வழியை அடைத்துவிடும்.

காலை ஆட்டத்தில், நடுவில் நின்ற வெள்ளைச் சிப்பாய் இலகுவாகக் கிடைக்கும்போல் தெரிந்தது. குதிரையால் வெட்டினேன். எதிராளி தன் குதிரையால் வெட்ட, நான் அரசியால் வெட்டினேன். உடனே வெள்ளை மந்திரி விலகி 'செக்' வைத்தது. அது விலகியதும் பின்னால் நின்ற வெள்ளை அரசிக்குப் பாதை திறந்தது. அரசனைக் காப்பாற்றினேன்; அரசியைப் பறிகொடுத்தேன். வீட்டுக்குப் போய்விடலாம் என்றிருந்தது.

மகள் விடவில்லை. வேரா மென்சிக்கை நினைவூட்டினாள். மொஸ்கோவில் பிறந்து இங்கிலாந்தில் குடியேறி, 1927 இல் முதலாவது பெண்கள் உலகச் சம்பியனானவர் அவர். இதே தற்காப்பை விரும்பி ஆடியவர். 1944 இல் லண்டனில் வீட்டின்மேல் விழுந்த ஜெர்மனியக் குண்டில் தாயுடனும் தங்கையுடனும் இறந்தபோதும் பட்டம் அவரிடமே இருந்தது.

பிற்பகலில் எதிரே பதினைந்து வயதுப் பையன் ஒருவன். அதே தொடக்கம், அதே சிப்பாய். நீண்ட கையை இழுத்துக்கொண்டேன். அடைபட்டிருந்த மந்திரியை ஒரு கட்டம் நகர்த்தி, அரசனுக்கு மறைப்பாக வைத்தேன். இனி அந்தச் 'செக்' இல்லை. அதன் பிறகுதான் சிப்பாயை வெட்டினேன்.

பின்னர் என் பிழையால் ஒரு சிப்பாயை இழந்தேன். ஆட்டம் சமநிலையில் முடிந்தது. "நல்லா விளையாடினீங்கள் அன்ரி" என்று பையன் கைகொடுத்தான். எனக்கு அரைப் புள்ளி.

சகோதரிகளே, ஒன்றை எடுக்குமுன் நம் பக்கத்தில் எது திறந்திருக்கிறது என்று பார்க்க ஒரு நகர்வு செலவானால் அது நட்டமல்ல. வீட்டில் பிள்ளைகள் சதுரங்கப் பலகையை விரித்தால், அடுப்படி வேலையைச் சற்று ஒதுக்கிவிட்டு நீங்களும் எதிரே உட்காருங்கள்.