பெட்டைக் குட்டி

கடந்த மார்கழியில், மழை விட்டும் தூவானம் விடாத ஒரு மாலைப்பொழுதில், எங்கள் ஒழுங்கையின் முகப்பிலே சிறுவர் சிலர் ஒரு கடதாசிப் பெட்டியைச் சூழ்ந்து நிற்கக் கண்டேன். உள்ளே மூன்று பூனைக்குட்டிகள். கண் திறந்து சில நாட்களே ஆகியிருக்கும்.

தனித்துக் கிடக்கும் குட்டியைக் கண்டதும் எடுத்துவிடலாகாது. தாய்ப்பூனை இடம் மாறுங்கால் குட்டிகளை ஒவ்வொன்றாகவே கௌவிச் செல்லும். எஞ்சியது அநாதைபோலத் தோன்றும். சற்றே ஒதுங்கி நின்று பார்த்தால் தாய் மீண்டு வரக்கூடும். குட்டி ஒரு முயற்சியும் செய்யாதிருக்கத் தாயே கௌவிக் காக்கும் இச்செயலையே தென்கலை வைணவர் சரணாகதிக்கு உவமையாக்கி மார்ச்சார நியாயம் என்றனர். ஆயின், எந்தத் தாய்ப்பூனையும் குட்டிகளைப் பெட்டியிலிட்டுக் கயிற்றால் கட்டி வைப்பதில்லை. ஆதலின் யான் காத்திருக்கவில்லை.

பெட்டியை வீட்டுக்குக் கொணர்ந்ததும் என் மனைவி பசும்பாலைக் காய்ச்ச அடுப்பை மூட்டினார். கவிச்சக்கரவர்த்தி கம்பர் தம் அவையடக்கத்திலே பாற்கடலை நக்கிக் குடிக்கப் புகுந்த பூசையைத் தமக்கு உவமையாக்கினார். அன்றுதொட்டோ அதற்கு முன்னரோ, பூனைக்குப் பால் என்பது நமக்கு ஐயமற்ற முடிபாயிற்று. மிருக வைத்தியரோ, பசும்பால் குட்டிகளுக்கு வயிற்றுப்போக்கைத் தரும் என்று தடுத்து, அவற்றுக்கென்றே விற்கும் பால்மாவைச் சொன்னார். குழந்தையைப்போல மல்லாத்திப் பாலூட்டினால் அது நுரையீரலிற் புகும். குப்புறக் கிடத்தியே ஊட்டவேண்டும். பாலினும் முதன்மையானது வெதுவெதுப்பு. உடல் குளிர்ந்த குட்டிக்கு உணவு செரியாது. துணி சுற்றிய வெந்நீர்ப் போத்தலே சில நாட்கள் தாயாயிற்று. இரவில் இருமுறை எழுந்தோம். பாடக்குறிப்பு எழுதத் தவறிய நாட்களும் உண்டு.

இவையெல்லாம் எளிய பகுதி. அவற்றின் எதிர்காலம் யாது என்பதே இடர்ப்பாடாயிற்று.

மூன்றில் ஒன்று கடுவன், இரண்டு பெட்டை. செய்தி பரவியதும் வந்தவர் அனைவரும் ஒரே வாக்கியத்தையே மொழிந்தனர்: “பண்டிதர் ஐயா, கடுவன் இருந்தால் ஒன்று தாருங்கள்.” தொல்காப்பிய மரபியல் வெருகின் இளமைக்குக் குட்டி, பறழ் என்னும் பெயர்களைத் தருகின்றது. அச்சொற்களிலே ஆண், பெண் என்ற வேறுபாடில்லை; ஊரார் கண்ணிலோ உண்டு. பெட்டை ஐந்து மாதத்திலேயே சினைப்படக்கூடும். ஒன்பது வாரத்திற் குட்டி ஈனும். அக்குட்டிகளை யார் ஏற்பது? அவ்வச்சமே கயிறாகிப் பெட்டியைக் கட்டுகின்றது.

பிறரைப் பழிக்க எனக்கு உரிமையில்லை. முப்பது ஆண்டுகளுக்கு முன் ஒரு பெட்டைக் குட்டியைச் சாக்கிலிட்டு மீன்சந்தை அருகே விட்டு வந்தவன் யானே. “அங்கே தின்ன உண்டு” என்று மனத்துக்குச் சொல்லிக்கொண்டேன். மறுநாள் மீன் வாங்க வேறு கடைக்குச் சென்றேன்.

மாசிமகத்துக்கு, முத்துமாரியம்மன் பஞ்சரத பவனி காண வந்த உறவினர் கடுவனை இறத்தோட்டைக்குக் கொண்டு சென்றனர். “மற்றவற்றையும் யாரிடமாவது தள்ளிவிடுங்களேன்” என்றார் மனைவி. தள்ளுதல் என்ற சொல் எனக்குச் சாக்கை நினைவூட்டிற்று. கருத்தடைச் சத்திரசிகிச்சை முடிந்த பின்னரே கொடுப்பது என உறுதி பூண்டேன். அதனைக் கூறியதும் அரிசிக் களஞ்சியக்காரர் ஒருவர், “எலித்தொல்லைக்குப் பெட்டையே நல்லது ஐயா” என்று முன்வந்தார். செலவைப் பற்றி என் மனைவி ஒன்றும் கேட்கவில்லை, யானும் கூறவில்லை.

மற்றது எங்களோடேயே இருக்கும். நாளை விடியலில் இரண்டையும் ஒரு கூடையிலிட்டுப் பேராதனைப் பல்கலைக்கழக மிருக வைத்தியப் போதனா வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்கின்றேன். இன்றிரவு உணவு கொடுக்கலாகாது என்பது கட்டளை. அடுக்களைக் கதவைச் சாத்தியாயிற்று. ஒன்று வாசலிற் கத்துகின்றது; மற்றது என் மேசைமேல் விரித்த நிகண்டிற் படுத்து உறங்குகின்றது. அதனை எழுப்ப மனமின்றி, இக்கட்டுரைக்குப் பார்க்கவேண்டிய சொல்லொன்றைப் பாராமலே விட்டேன்.