எண்ணும் பெயரும்

மாணவனொருவனின் பதிவில் "இல்லம் 3" என்று மட்டும் பொறிக்கப்பட்டிருப்பின், படிப்போர்க்கு யாது விளங்கும்? கணினித் தரவுத்தளங்களை அமைப்போர் முதலில் எதிர்நோக்கும் இடர்ப்பாடுகளுள் இஃதொன்றாகும்.

1970 ஆம் ஆண்டில் எட்கார் கொட் என்னும் அறிஞர் வெளியிட்ட தொடர்புசார் மாதிரியைத் தழுவிய தரவுத்தளங்களில், தகவல்கள் அட்டவணைகளாக வகுக்கப்படுகின்றன. இல்லத்தின் பெயர் இல்ல அட்டவணையில் ஒருமுறையே இடம்பெறும். மாணவர் அட்டவணையில் அவ்வில்லத்தின் எண் மட்டுமே நிற்கும். இவ்வெண்ணை அந்நியச் சாவி என்பர். நாளை இல்லத்தின் பெயர் மாறினும், ஓரிடத்தில் திருத்தினாற் போதும். மாணவர் பதிவுகளைத் தொடவேண்டியதில்லை. ஆகவே எண்ணைச் சேமித்தல் குறையன்று. எண்ணையே காட்டுதல்தான் குறை.

2005 ஆம் ஆண்டில் வெளிவந்த ஜாங்கோ என்னும் இணையச் சட்டகத்தை உதாரணமாகக் கொள்வோம். பைதன் மொழியிலமைந்த இச்சட்டகத்தில் அட்டவணைக்கு நிகராக மாதிரியொன்று எழுதப்படும். பெயர் யாதென நாம் கூறாவிடின், நிருவாகப் பக்கம் "ஹவுஸ் ஒப்ஜெக்ற் (3)" என்றே காட்டும். இருபுறமும் இரட்டைக் கீழ்க்கோடுடைய "ஸ்ரர்" என்னும் முறையினை இல்ல மாதிரியில் எழுதி, பெயரை விடையாகத் தருமாறு பணித்தல் வேண்டும். அதன்பின் மாணவர் பட்டியலிலும் தெரிவுப் பெட்டியிலும் இல்லத்தின் பெயரே தோன்றும்.

ஈண்டு மூன்று விடயங்கள் கருதற்பாலன. முதலாவது, அம்முறை எழுத்துத் தொடரையே தருதல் வேண்டும். தொடர்புடைய பொருளையே தந்தால் வழு நேரும். இரண்டாவது, மாணவனின் பெயரோடு இல்லத்தின் பெயரையும் சேர்த்துக் காட்ட விழைந்தால், 300 மாணவரைப் பட்டியலிட 301 வினவல்கள் எழக்கூடும். "செலெக்ற் ரிலேற்றட்" என்னும் ஏற்பாடு இரு அட்டவணைகளையும் இணைத்து ஒரே வினவலில் அனைத்தையும் பெற்றுத்தரும். இல்லம் குறிக்கப்படாத மாணவன் இருப்பின், அதற்கும் முன்னரே வழிசெய்தல் வேண்டும்.

மூன்றாவதே முதன்மையானது. ஒரே பெயருடைய மாணவர் இருவர் இருப்பின், தெரிவுப் பெட்டியில் இருவரும் வேறுபாடின்றித் தோன்றுவர். ஒருவன் பெற்ற புள்ளி மற்றவன் கணக்கிற் சேர்ந்துவிடும். பொறி அதனை வழுவென அறியாது. எனவே பெயரோடு அனுமதி எண்ணையும் சேர்த்துக் காட்டுவதே சாலச் சிறந்தது. நிரல் எழுதப் பயிலும் மாணவர், தாம் காட்டும் பெயரை நம்பியே பிறர் தெரிவு செய்வர் என்பதை மனத்திற் கொள்வாராக.