மின்னஞ்சலுக்கு ஒரு மாற்று நிலையம்

கொல்லிமலையிலுள்ள செம்மேட்டிற்குச் சென்றிருக்கிறீர்களா? காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து பேருந்து மேலே ஏறும். மழைக்காலத்தில் அந்தப் பாதையில் பாறை சரிந்து விழுந்தால், முள்ளுக்குறிச்சி வழியாகச் செல்லும் மற்றொரு பாதை கைகொடுக்கும்.

இப்பொழுது, செம்மேட்டில் மிளகும் காப்பிக்கொட்டையும் விற்கும் நிறுவனம் ஒன்று இருப்பதாகக் கற்பனை செய்துகொள்வோம். அதன் மின்னஞ்சல்களைப் பெற்றுச் சேமிக்கும் கணிப்பொறி, அதாவது ‘சர்வர்’, அலுவலகத்திலேயே இருக்கிறது. புயலில் மரம் விழுந்து மின்கம்பி அறுந்துவிட்டது. சற்று நேரத்தில் பேட்டரியும் தீர்ந்துவிட்டது. இப்பொழுது வழிகள் இரண்டு இருந்து என்ன பயன்? போய்ச் சேர வேண்டிய இடமே உறங்கிவிட்டதே! ஆகவே வழி மட்டுமன்று, இடமும் இரண்டாக வேண்டும். இரண்டாவது சர்வரைத் தொலைவிலுள்ள வேறோர் ஊரில், கோவையில் என்று கொள்வோம், வைக்க வேண்டும்.

கடிதம் அனுப்பும் கணிப்பொறிக்குக் கோவை முகவரி எப்படித் தெரியும்? இணையத்தில் ‘டி.என்.எஸ்.’ என்னும் பெயர்ப் பதிவேடு உண்டு. ஒரு நிறுவனத்தின் அஞ்சலை எந்தச் சர்வரிடம் தரவேண்டும் என்பதை அதிலுள்ள ‘எம்.எக்ஸ்.’ குறிப்பு சொல்லும். 1986-இல் வரையறுக்கப்பட்ட ஏற்பாடு இது. ஒவ்வொரு சர்வருக்கும் ஓர் எண் தரப்படும். செம்மேட்டிற்கு 10, கோவைக்கு 20 என்று கொள்வோம். சிறிய எண்ணுக்கே முதலிடம். அங்கிருந்து பதில் இல்லையென்றால் அடுத்த எண்ணிடம் கடிதம் செல்லும்.

இரண்டுமே பதில் தராவிட்டால்? கடிதம் உடனே அழிந்துவிடாது. அனுப்பிய சர்வர் அதை வரிசையில் வைத்துக்கொண்டு மீண்டும் மீண்டும் முயலும். நான்கைந்து நாட்களாவது முயல வேண்டும் என்பது பொது நெறி. அதன் பிறகே கடிதம் அனுப்பியவருக்குத் திரும்பும்.

ஆனால் வணிகம் நான்கு நாள் காத்திருக்குமா? பழைய கடிதங்களைப் பார்க்கவும் பதில் எழுதவும் வேண்டுமே! அதற்குச் செம்மேட்டிலுள்ள அஞ்சல் பெட்டிகளின் நகல் கோவையிலும் இருக்க வேண்டும். இதில் ஒரு சிக்கல் உண்டு. ஒவ்வொரு கடிதமும் இரண்டு இடங்களிலும் பதிவான பிறகே ‘பெற்றுக்கொண்டேன்’ என்று சொல்வது ஒரு முறை. இதில் கடிதம் தொலையாது. ஆனால் இடையிலுள்ள இணைப்பு அறுந்தால் வேலை நின்றுவிடும். முதலில் பெற்றுக்கொண்டு, சற்றுப் பின்னர் நகல் எடுப்பது மற்றொரு முறை. இதில் வேலை நிற்காது. ஆனால் கடைசிச் சில நிமிடங்களின் கடிதங்கள் தொலையக்கூடும்.

இன்னொரு ஆபத்தும் உண்டு. செம்மேடு நன்றாகவே இயங்க, இடையிலுள்ள இணைப்பு மட்டும் அறுந்தால், “செம்மேடு வீழ்ந்தது, இனி நானே தலைவன்” என்று கோவை நினைத்துவிடும். இரண்டு தலைவர்கள், இரண்டு கணக்குகள்! இதைத் தவிர்க்க மூன்றாவது ஊரில் ஒரு சாட்சிக் கணிப்பொறியை வைப்பார்கள். இரு இடங்களின் வாக்கு ஒத்தால்தான் தலைமை மாறும்.

இவ்வளவும் செய்தால் போதுமா? 2021 பிப்ரவரி 24 அன்று மும்பையிலுள்ள தேசியப் பங்குச் சந்தையில் நடந்ததைப் பாருங்கள். அதற்குச் சென்னையில் மாற்று மையம் இருந்தது. இரண்டு நிறுவனங்களின் தொலைத்தொடர்பு இணைப்புகளும் இருந்தன. அன்று அவ்விரு இணைப்புகளும் பழுதுபட்டன. காலை 11.40-க்கு நின்ற வணிகம், மாற்று மையத்திற்கு மாறாமலேயே பிற்பகல் 3.45 வரை நின்றது! பின்னர், 2024 மார்ச் 2, சனிக்கிழமை, விடுமுறை நாளிலேயே சந்தையைத் திறந்து, வணிகத்தின் ஒரு பகுதியை மாற்று மையத்திலிருந்து நடத்திப் பார்த்தார்கள்.

நமது செம்மேட்டு நிறுவனமும் அப்படித்தான் செய்ய வேண்டும். அமைதியான ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முதன்மைச் சர்வரை வேண்டுமென்றே நிறுத்த வேண்டும். கடிதம் கோவைக்குப் போகிறதா, பழைய கடிதங்கள் திறக்கின்றனவா, பதில் எழுத முடிகிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு செம்மேட்டிற்குத் திரும்பவும் பழக வேண்டும். ஒத்திகை பார்க்காத மாற்று நிலையத்தை நம்பியிருக்க முடியாது.

உங்கள் பள்ளியில் ஜெனரேட்டர் இருக்கிறதா? அதைக் கடைசியாக எப்பொழுது இயக்கிப் பார்த்தார்கள் என்று நாளை கேட்டுப் பாருங்களேன்!