குழந்தைகளும் பால்வெல்லமும்

பிறந்த குழவிக்குப் பாலினுஞ் சிறந்த உணவு பிறிதில்லை. எனினும், அப்பாலே சிலவேளை குழந்தையின் மெலிவுக்குக் காரணமாகின்றது. 1959 ஆம் ஆண்டில் ஓல்செல் என்னும் மருத்துவரும் உடனாய்ந்தோரும், பாலிலுள்ள வெல்லத்தை ஏற்கவியலாது நலிந்த குழந்தைகளைப் பற்றி எடுத்துரைத்தனர்.

பாலின் காபோவைதரேற்று இலற்றோசு எனப்படும் பால்வெல்லமாகும். சிறுகுடற் சடைமுளைகளிலுள்ள இலற்றேசு என்னும் நொதியம் இதனைக் குளுக்கோசு, கலற்றோசு என இரண்டாகப் பிரித்த பின்னரே குருதி அதனை ஏற்கும். அந்நொதியங் குறையின், பிரிபடாத வெல்லம் நீரை ஈர்த்துக்கொண்டு பெருங்குடலை அடையும். ஆங்குள்ள பற்றீரியாக்கள் அதனை நொதிக்கச் செய்ய, அமிலமும் வாயுவுந் தோன்றும். வயிற்றுப் பொருமல், நோவு, புளிப்பு மணமுள்ள நீர்மலம் என்பன இதன் குறிகளாம். பாலின் புரதத்தால் நேரும் ஒவ்வாமை இதனின் வேறானது.

இக்குறை மூவகைப்படும். பிறவியிலமைவது மிக அரிது. பாலூட்டத் தொடங்கிய சின்னாட்களிலேயே கடும் வயிற்றோட்டமாக வெளிப்படும். வயது ஏற ஏற நொதியங் குறைதல் ஆசிய மக்களிடையே பெருவழக்கு. வயிற்றோட்டத்தாற் சடைமுளைகள் சிதைவதால் நேர்வது மூன்றாவது. சடைமுளைகள் மீள வளரச் சில வாரங்களில் இது தானே நீங்கும்.

நோயைத் துணிதற்கு எளிய வழி, பால்வெல்லத்தை இரண்டு வாரம் விலக்கிப் பின் மீளக் கொடுத்தலாகும். குறிகள் விலக்கியவழி நீங்கிக் கொடுத்தவழித் திரும்பின் ஐயந் தீரும். மலத்தின் பிஎச் பெறுமானம் 5.5 இற்குக் குறைதலும் ஒரு சான்றே. ஆயினும் தாய்ப்பாலுண்ணுங் குழவியின் மலம் இயல்பாகவே அமிலத்தன்மை உடையதாதலின், அதுவொன்றையே கொண்டு முடிவு செய்தலாகாது. வளர்ந்த பிள்ளைகளுக்குப் பால்வெல்லம் அருந்தக் கொடுத்து, மூச்சில் வெளிப்படும் ஐதரசனை அளப்பர். அது தொடக்க அளவினும் பத்து இலட்சத்தில் 20 பங்கு உயரின் குறை உண்டெனக் கொள்வர்.

பரிகாரம் வகைக்கேற்ப வேறுபடும். பிறவிக்குறையுள்ள குழவிக்குப் பால்வெல்லமற்ற பால்மா இன்றியமையாதது. வயிற்றோட்டத்தின் பின் நேர்ந்ததாயின், தாய்ப்பாலை நிறுத்தலாகாது. நீரிழப்பே உயிருக்கு ஊறு செய்வதாதலின், உப்புங் குளுக்கோசுஞ் சேர்ந்த நீரேற்றக் கரைசலை ஊட்டல் வேண்டும். வளர்ந்த பிள்ளைகளுட் பலர் சிறிதளவு பாலை உணவோடு தாங்குவர். தயிரிற் பால்வெல்லத்தின் ஒரு பகுதி முன்னரே நொதித்துவிடுதலின், அது பலர்க்கும் ஏற்கும். பாலைக் குறைத்தவிடத்துக் கல்சியத்தைக் கீரை, எள், சிறுமீன் முதலியவற்றால் ஈடுசெய்தல் வேண்டும்.

ஒருமுறை ஒவ்வாத பாலை என்றும் ஆகாதென ஒதுக்குதல், வளரும் என்புகளுக்கு இழைக்குங் கேடாகும். பாலை விலக்குதல் எளிது. எதனால் விலக்கினோமென அறிந்து, உரிய காலத்தில் மருத்துவர் துணையோடு மீளக் கொடுத்தலே அறிவுடைமையாம்.