பழைய பொருளின் பூர்வோத்தரம்

பயன்படுத்திக் கழித்த பிளாஸ்டிக் புட்டி பொறுக்கப்பட்டு, தரம் பிரிக்கப்பட்டு, நொறுக்கி உருக்கப்பட்டுச் சின்னஞ்சிறு மணிகளாக வெளிவந்துவிட்டால், அது எந்தக் கரையிலிருந்து வந்தது என்பதையோ, உண்மையில் பழைய சரக்குதானா என்பதையோ பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிட எவராலும் முடியாது. ஆகவே, மறுசுழற்சிச் சரக்கு என்ற பெயருக்குக் கூடுதல் விலை கொடுக்க முன்வருகிற வியாபாரி, விற்பவரின் வாக்கையும் காகித அத்தாட்சியையும் தவிர வேறு பிரமாணமின்றியே வாங்க வேண்டியிருக்கிறது. 2019ஆம் ஆண்டில் உலகில் சேர்ந்த பிளாஸ்டிக் கழிவில் நூற்றுக்கு 9 பங்கே மறுசுழற்சி பெற்றது என்று ஓ.இ.சி.டி. அமைப்பு கணக்கிட்டிருக்கிறது. அவ்வளவு சொற்பமாகக் கிடைக்கும் சரக்கில் கலப்படம் செய்ய ஆசை பிறப்பது சகஜம்.

இந்தக் குறையைத் தீர்க்கப் புதிய நிறுவனங்கள் சில நாடியிருக்கும் சாதனம் பிளாக்செயின். 2008இல் வெளியான பிட்காயின் கட்டுரைக்குப் பிறகே அது பிரசித்தி பெற்றதென்றாலும், அதன் மூலக்கருத்தை ஸ்டூவர்ட் ஹேபர், ஸ்காட் ஸ்டார்னெட்டா என்ற இரு விஞ்ஞானிகள் 1991ஆம் ஆண்டிலேயே வெளியிட்டுவிட்டார்கள். பத்திரத்தின் தேதியைப் பின்னால் எவரும் மாற்றாதிருக்க வழி தேடிய அவர்கள், ஒவ்வொரு பதிவும் தனக்கு முந்தியதன் எண்முத்திரையைத் தன்னுள் தாங்கும்படி கோத்துவைத்தார்கள். நடுவில் ஒன்றைத் திருத்தினால் பின்வந்த முத்திரைகள் யாவும் பொருந்தாமற்போய்க் குட்டு வெளிப்படும். இப்படிக் கோத்த பேரேட்டின் பிரதி பலர் கையில் இருந்துவிட்டால், ரகசியமாகத் திருத்துவது அநேகமாக அசாத்தியம்.

கனடாவின் வான்கூவர் நகரில் டேவிட் காட்ஸ், ஷான் ஃபிராங்க்சன் இருவரும் 2013இல் தொடங்கிய பிளாஸ்டிக் பேங்க், இந்த உபாயத்தை ஏழைகளின் பக்கம் திருப்பியது என்பதே என் மனத்தைக் கவர்ந்த விஷயம். முதலில் ஹைட்டியிலும், பின்னர் பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா, பிரேசில் முதலிய நாடுகளிலும், கடலைச் சேரவிருந்த பிளாஸ்டிக்கைப் பொறுக்கிச் சேகரிப்பு நிலையத்துக்குக் கொண்டுவருகிறவருக்கு, எடைக்குரிய விலையோடு ஓர் ஊக்கத்தொகையும் கைபேசிக் கணக்கில் வரவாகிறது. எங்கே வாங்கியது, எவ்வளவு எடை என்ற விவரங்களோ, ஐ.பி.எம். நிறுவனத்தின் தொழில்நுட்பத் துணையோடு அமைத்த பிளாக்செயினில் பதிவாகி, சரக்கு ஆலைக்குப் போகும்போது கூடவே செல்கின்றன. வாழ்நாளெல்லாம் குப்பைமேட்டில் உழைத்தும் எந்த ஏட்டிலும் பெயரேறாத மனிதருக்கு, அவர் செய்த வேலைக்குச் சாட்சி ஒன்று ஏற்படுகிறது. வங்கியின் வாசலை மிதித்திராதவருக்கு அந்தக் கைபேசிக் கணக்கே சேமிப்புமாகிறது. வாங்குகிற கம்பெனி அதைத் தன் விளம்பரத்துக்கு உபயோகித்துக்கொள்வது இரண்டாம்பட்சம்.

பிரிட்டனின் சர்க்குலோர் நிறுவனம் இதே முறையில் ருவாண்டாவின் டான்டலம் தாதுவைச் சுரங்கத்திலிருந்தே பின்தொடர்ந்தது; வோல்வோ கார்களின் மின்கலத்துக்கான கோபால்ட்டை 2019இல் பின்தொடரத் தொடங்கியது.

தராசில் ஈரச் சரக்கை நிறுத்து, உலர்ந்த சரக்கென்று எழுதிவிட்டால், அந்தப் பொய்யையும் பிளாக்செயின் மாறாமல் காப்பாற்றிவைக்கும் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஆலைக்குள் சென்ற எடையையும் வெளிவந்த எடையையும் ஒத்துப்பார்ப்பதும், நேரில் போய்ச் சோதிப்பதும் இன்றியமையாதவை. அதைவிடக் கடினமானது, போட்டியாளர்களை ஒரே பேரேட்டில் எழுதச் சம்மதிக்க வைப்பது. கப்பல் சரக்குக்காக மெர்ஸ்க், ஐ.பி.எம். என்ற இரு பெரும் நிறுவனங்கள் நடத்திய டிரேட்லென்ஸ் என்ற பிளாக்செயின் தளம், தொழில்துறை முழுவதன் ஒத்துழைப்புக் கிட்டாமையால் மூடப்படுவதாக 2022 நவம்பரில் அறிவிக்கப்பட்டது.

அந்த ஒத்துழைப்பை ஐரோப்பிய ஒன்றியம் இப்போது சட்டத்தின் மூலம் பெற முனைந்திருக்கிறது. அங்கே விற்பனைக்கு வரும் மின்சார வாகன மின்கலம் ஒவ்வொன்றுக்கும் 2027 பிப்ரவரி 18 முதல், அதன் விவரங்களைத் தாங்கிய கணினிவழிக் கடவுச்சீட்டு வேண்டும். 2031 ஆகஸ்டு முதல் மின்கலத்திலுள்ள கோபால்ட்டில் குறைந்தது 16 சதவீதம் மறுசுழற்சியில் கிடைத்ததாக இருக்க வேண்டும். பிளாக்செயினைத்தான் கையாள வேண்டுமென்று சட்டம் விதிக்கவில்லை. நிரூபிக்கும் பொறுப்பைத்தான் உற்பத்தியாளர்மீது சுமத்துகிறது. கோபால்ட்டுக்குக் கிடைத்த இந்தக் கட்டாயம் பிளாஸ்டிக்குக்கும் வரவேண்டும் என்பது என் திடமான அபிப்பிராயம். ஏனெனில், பொறுக்கிப் பிழைப்பவரின் ஊக்கத்தொகை இன்று வாங்கும் கம்பெனிகளின் மனவிருப்பத்தைப் பொறுத்தே இருக்கிறது.