அஞ்சும் மீன்களும் அடைபட்ட நீரும்

குரங்கணி மலைச்சரிவில் இறங்கும் சிற்றோடைகள் ஒன்றுகூடிக் கொட்டகுடி ஆறாகிப் போடிநாயக்கனூரை நோக்கி ஓடுகின்றன. மேற்குத் தொடர்ச்சி மலையின் இத்தகைய ஓடைகளில், நீல விலாவில் மஞ்சள் வரியோடிய சிறுமீன்கள் கூட்டங் கூட்டமாய்த் திரிவதுண்டு. சென்னைப் படையில் மருத்துவராயிருந்த தாமசு செர்டன் 1849இல் இவ்வினத்தை அறிவியலுக்கு அறிமுகப்படுத்தினார். இன்றைய பெயர் தெவாரியோ மலபாரிக்கசு. கரையில் ஆள்நிழல் விழுந்தால் மடு நொடியில் வெறிச்சோடிப் போகும். கடைகளில் டானியோ என்று விற்கப்படும் இதன் உறவுமீன்களை வாங்கி வளர்ப்போரும் அதே மிரட்சியைத்தான் முதற்குறையாகச் சொல்கின்றனர்.

குறை மீனிடத்தில் இல்லை. கெண்டைக் குடும்பத்தைச் சேர்ந்த இம்மீன்களுக்குச் செவி மிகக் கூரியது. உடலினுள் இருக்கும் காற்றுப்பை நீரின் அதிர்வை வாங்க, முதுகெலும்பின் முன்முனையில் பக்கத்துக்கு நான்காகக் கோத்திருக்கும் நுண்ணெலும்புகள் அதனை உட்செவிக்குக் கடத்துகின்றன. செருமானிய உடற்கூற்றறிஞர் வேபர் 1820இல் விளக்கிய அமைப்பு இது. கண்ணாடியை நாம் விரலால் தட்டுவது மீனுக்கு என்னவாக இருக்கும் என்பதை இதிலிருந்தே உணரலாம். பின்மூளையில் பக்கத்துக்கு ஒன்றாக மௌத்னர் நரம்பணு என்னும் பேரணு உள்ளது. அது தூண்டப்பட்டதும் உடல் பிறையாய் வளைந்து, தீங்கு வந்த திசைக்கு எதிரே பாய்கிறது. நொடியின் சில நூற்றிலொரு பங்குக்குள் இது நிகழ்ந்துவிடும். ஓடையில் அப்பாய்ச்சலுக்கு நீண்ட நீர்வெளி உண்டு. தொட்டியிலோ இரண்டு சாண் தொலைவில் கண்ணாடி நிற்கிறது. மேலே பாய்ந்தால் வீட்டுத்தரை. மூடியில்லாத் தொட்டியில் இம்மீனை விடுவதை வளர்ப்பென்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அச்சம் மணமாகவும் பரவும். தேனீக்களின் ஆய்வால் பின்னாளில் நோபல் பரிசு பெற்ற கார்ல் வான் பிரிசு, காயமுற்ற சிறுமீன் ஒன்றைக் கண்டு அதன் கூட்டமே வெருண்டோடியதைக் கவனித்து, 1938இல் காரணத்தை வெளியிட்டார். மீனின் தோல் கிழியும்போது அதிலுள்ள சில அணுக்கள் உடைந்து ஒரு பொருளை நீரில் விடுகின்றன; அதனை நுகர்ந்த இனமீன்கள் எதிரியைக் காணாமலே ஒளிகின்றன. அப்பொருளில் காண்ட்ராய்டின் என்னும் சருக்கரைத் தொடரின் துணுக்குகள் இருப்பதைச் சிங்கப்பூரில் சுரேசு யேசுதாசன் குழுவினர் 2012இல் காட்டினர். ஓடும் நீர் இம்மணத்தைக் கொண்டுபோய்விடும். அடைபட்ட நீர் கொண்டுபோவதில்லை. சொரசொரப்பான வலையால் ஒன்றைத் துரத்திப் பிடித்தால் தொட்டி முழுவதும் நெடுநேரம் நடுங்குவதற்கு இதுவும் ஒரு காரணமாகலாம். வலையினும் அகன்ற குவளையால் நீரோடு மொண்டெடுப்பது நன்று.

ஆகவே மாற்ற வேண்டியது மீனின் சூழலை. இரண்டு மூன்றாக வாங்கும் வழக்கத்தை முதலில் விட வேண்டும். கூட்டத்தில் வாழப் பிறந்த மீன் எட்டுப் பத்துத் துணைகளோடுதான் அமைதியடையும். பத்து சென்டிமீட்டர் வரை வளரும் வேகமீனுக்கு நான்கடி நீளத் தொட்டியேனும் வேண்டும். பின்புறக் கண்ணாடிக்குக் கருந்தாள், மேற்பரப்பில் மிதக்கும் செடி, அடியில் கற்களும் வேர்க்கட்டையும். ஒளிய இடம் கூடக்கூட மீன் வெளியே வருவதும் கூடும்; முரணாகத் தோன்றினாலும் வளர்ப்போர் பலரும் கண்டறிந்தது இது. இருட்டறையில் தொட்டி விளக்கை மட்டும் திடீரென ஏற்றாதீர்கள். அறைவிளக்கை ஏற்றிச் சற்றுப் பொறுத்தபின் அதை ஏற்றுங்கள்.

இவையனைத்தும் செய்தாலும் வெப்பம் என்னும் இடர் எஞ்சும். 20 பாகை செல்சியசில் நீர் லிட்டருக்கு ஏறத்தாழ 9 மில்லிகிராம் உயிர்வளியைக் கொள்ளும். 30 பாகையில் அது ஏழரையாகக் குறைகிறது. மலையின் குளிர்ந்த ஓடையில் பிறந்த மீன், அடிவாரத்துப் போடியின் சித்திரை வெயிலில் மூச்சுக்குத் திணறும். மின்வெட்டில் காற்றேற்றி நின்றால் கேட்கவே வேண்டாம்.

ஓடையிலிருந்தே பிடித்து வந்தால் என்ன என்போருக்குச் செங்கோட்டுக் கெண்டையொன்றின் கதை போதும். சென்னை ஆளுநர் டெனிசனின் பெயரால் பிரான்சிசு டே 1865இல் விவரித்த அந்த மீன், கேரளத்து மலையாறுகளுக்குரியது. 1997இல் சிங்கப்பூர்க் கண்காட்சியில் பரிசு பெற்றதும் உலகச் சந்தை அதைத் தேடத் தொடங்கியது. 2005 முதல் 2012 வரை அதுவும் அதன் நெருங்கிய இனமும் சேர்ந்து இந்தியாவிலிருந்து ஏற்றுமதியானவை மூன்று இலட்சத்துக்கும் மேல். பெரும்பாலும் ஆற்றில் பிடித்தவை. இன்று அது அழிவுநிலை இனங்களின் பட்டியலில் உள்ளது. அதனைத் தொட்டியிலேயே இனம்பெருக்கும் முறையைப் கேரளத்துப் பனங்காடு மீன்வளக் கல்லூரி உருவாக்கியிருப்பது சிறு ஆறுதல்.

குரங்கணிக்குச் செல்வோர் மடுவின் மீன்களைக் கரையில் அசையாது அமர்ந்து கண்டு மீளுங்கள். வீட்டில் வளர்க்க விரும்பினால், சென்னைக் கொளத்தூரிலோ உங்கள் ஊர்க் கடையிலோ, பண்ணையில் பிறந்ததா என்று கேட்டறிந்தபின் வாங்குங்கள். கடைக்காரருக்குத் தெரியாதெனில் வாங்காதீர்கள்.