பாடநூலுக்கு முன்பே முடியும் பஞ்சாயத்து

மஞ்சூர் என்றதும் பரமக்குடி வட்டாரத்து ஆசிரியர்களுக்கு நினைவுக்கு வருவது 'டயட்'. மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனம் என்ற முழுப்பெயரை அழைப்பிதழில்தான் பார்க்கலாம். 1986 தேசியக் கல்விக் கொள்கையை ஒட்டி மாவட்டந்தோறும் தொடங்கப்பட்ட இந்த நிறுவனங்களில், ராமநாதபுரம் மாவட்டத்துக்கு வாய்த்தது மஞ்சூர். டயட்டுகளுக்கு வகுக்கப்பட்ட ஏழு பிரிவுகளில் ஒன்றுக்குக் கலைத்திட்டத்துக்கான பொருள்களை உருவாக்குவதும் மதிப்பிடுவதும்தான் வேலை. சென்னை கல்லூரிச் சாலையில் முடிவாகும் பாடம், முதுகுளத்தூர்ப் பிள்ளைக்கும் கமுதிப் பிள்ளைக்கும் எப்படிப் போய்ச் சேரும் என்று யோசிக்க ஓர் இடம் வேண்டும் என்பது அதன் நோக்கம்.

ஜூன் மாதம் பிள்ளையின் கைக்கு வரும் புத்தகம் இந்த வேலையின் கடைசிப் படி. அதற்கு முன்னால் பாடத்திட்டம் இருக்கிறது. அதற்கும் முன்னால் இருப்பது கலைத்திட்டம்: எதைக் கற்பிப்பது, எதற்காக, எந்த வயதில், எந்த வரிசையில், கற்றார்களா என்று எப்படி அறிவது என்ற முடிவுகளின் தொகுப்பு. அமெரிக்கக் கல்வியாளர் ரால்ஃப் டைலர் 1949இல் எழுதிய சிறு நூலில் இவற்றை நான்கு கேள்விகளாகச் சுருக்கினார். இன்றும் பி.எட். மாணவர்கள் அந்த நான்கையும் மனப்பாடம் செய்கிறார்கள். கூடவே தத்துவம், சமூகவியல், உளவியல் என்று 'அடித்தளங்களை'யும் விடைத்தாளில் வரிசையாக எழுதிவிட்டு வருகிறார்கள். அந்த மூன்றையும் பார்க்கப் பரமக்குடியிலிருந்து வைகையைத் தாண்டி எமனேசுவரம் போனாலே போதும். அங்கே தெருவுக்குத் தெரு தறி. அந்தத் தறியைப் பள்ளிக்கூடம் என்ன செய்வது என்ற கேள்விக்கு நூறாண்டுக்குள் பல பதில்கள் வந்துவிட்டன.

1937இல் வார்தாவில் காந்தி முன்வைத்த ஆதாரக் கல்வியில் கைத்தொழில் பள்ளிக்குள் வந்தது. ஜாகிர் உசேன் தலைமையிலான குழு அதற்குப் பாடத்திட்டம் வகுத்தது. எந்த வீட்டுப் பிள்ளையானாலும் நூல் நூற்க வேண்டும். அந்த நூலின் வழியாகவே கணக்கும் அறிவியலும் வர வேண்டும். 1953இல் ராஜாஜி அரசு கிராமத் தொடக்கப் பள்ளிகளுக்குக் கொண்டுவந்த திட்டம் இதற்கு நேர் எதிர்த் திசையில் போனது. பள்ளி நேரம் மூன்று மணியாகக் குறைந்தது. மிச்ச நேரத்தில் பிள்ளை பெற்றோரின் தொழிலைக் கற்கலாம் என்றார்கள். நெசவாளி மகன் தறிக்குழிக்கும் சலவைத் தொழிலாளி மகன் துறைக்கும் போனால் வக்கீல் மகன் எங்கே போவான் என்று நாடு கேட்டது. 'குலக்கல்வி' என்று பெயர் விழுந்தது. 1954இல் முதல்வரான காமராஜர் அதே ஆண்டில் திட்டத்தைக் கைவிட்டார். இரண்டு திட்டங்களிலும் தறி ஒன்றுதான். அதில் யாரை உட்கார வைப்பது, எதற்காக என்பதில்தான் தத்துவம் மாறியது.

இரண்டாவது அடித்தளமான சமூகத்தின் கணக்கு தீர்ந்தபாடில்லை. 2010 வரை தமிழ்நாட்டில் மாநிலப் பாடத்திட்டம், மெட்ரிகுலேஷன், ஆங்கிலோ இந்தியன், ஓரியண்டல் என்று நான்கு தனித்தனி வழிகள் இருந்தன. ஒரே தெருவில் வளரும் இரண்டு பிள்ளைகளில் யார் எந்தப் புத்தகம் படிப்பது என்பதை அப்பாவின் சட்டைப்பை தீர்மானித்தது. 2006இல் அமைந்த முத்துக்குமரன் குழுவின் பரிந்துரையைத் தொடர்ந்து சமச்சீர் கல்விச் சட்டம் வந்தது; 2010இல் ஒன்றாம், ஆறாம் வகுப்புகளில் பொதுப் புத்தகம் புகுந்தது. மறு ஆண்டு ஆட்சி மாறியதும் திட்டம் நிறுத்திவைக்கப்பட்டு, வழக்கு டெல்லி வரை போனது. 2011 ஆகஸ்ட் 9 அன்று உச்ச நீதிமன்றம் பத்து நாளில் அமல்படுத்தச் சொல்லும் வரை பிள்ளைகள் பாடப்புத்தகம் இல்லாமலே பள்ளிக்குப் போய்வந்தார்கள். பிறகு வந்த புத்தகங்களில் சில பக்கங்கள் மீது தாள் ஒட்டப்பட்டிருந்தது. ஒட்டிய தாளுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று கிழித்துப் பார்க்காத பிள்ளை அந்த ஆண்டில் அபூர்வம்.

மூன்றாவது அடித்தளமான உளவியலைப் பற்றி யாரும் வழக்குப் போடுவதில்லை. அதனால்தானோ என்னவோ அங்கே நல்ல வேலை நடந்தது. 2003 முதல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் ஐ.ஏ.எஸ். அதிகாரி எம்.பி.விஜயகுமார் முன்னின்று நடத்திய செயல்வழிக் கற்றல், ஆந்திரத்தின் ரிஷி வேலி பள்ளியில் உருவான முறையைத் தழுவியது. சில ஆண்டுகளில் மாநிலம் முழுக்கப் பரவியது. கரும்பலகை சுவரின் அடிப்பகுதிக்கு இறங்கியது. பிள்ளைகள் பாயில் வட்டமாக உட்கார்ந்து, கற்றல் ஏணியில் தாம் எந்தப் படியில் நிற்கிறோம் என்று பார்த்து, அதற்குரிய அட்டையைத் தாமே எடுத்துக்கொண்டார்கள். 2022இல் வந்த 'எண்ணும் எழுத்தும்' திட்டம், முதல் மூன்று வகுப்புப் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகப் பிரித்தது. வயதும் வகுப்பும் ஒன்றானாலும் பிள்ளைகள் நிற்கும் இடம் ஒன்றல்ல என்பதை அரசே ஒப்புக்கொண்ட ஏற்பாடு அது.

எமனேசுவரத்தில் இது கூடுதலாகப் பொருந்தும். அங்கே பல வீடுகளில் பேச்சு சௌராஷ்டிர மொழி, பள்ளியில் தமிழ். முதல் வகுப்புத் தமிழ்ப் புத்தகம் வீட்டில் தமிழ் பேசும் பிள்ளையை மனத்தில் வைத்தே எழுதப்படுகிறது. ஆசிரியர்தான் இடைவெளியை நிரப்புகிறார். கணக்கிலோ தறி கைகொடுக்கும். சேலை ஐந்தரை மீட்டர், ரவிக்கைக்கு 80 சென்டிமீட்டர், பாவு 22 மீட்டர் என்றால் எத்தனை சேலை இறங்கும்? மூன்று, மிச்சம் 3.1 மீட்டர். தசமப் புள்ளி எதற்கு என்று ஐந்தாம் வகுப்பில் யாரும் தனியாக விளக்க வேண்டியதில்லை. எந்தக் கருத்தையும் முதலில் எளிய வடிவில் தந்து, வகுப்பு ஏற ஏற அதற்கே திரும்பி வந்து ஆழப்படுத்தலாம் என்று 1960இல் உளவியலாளர் ஜெரோம் புரூனர் சொன்னதும் இதைத்தான். எட்டாம் வகுப்பில் அதே பாவு விகிதமாகவும் லாப நட்டமாகவும் திரும்பி வரலாம்.

ஆனால் தேர்வில் பாவு வராது. தமிழ்நாட்டில் கலைத்திட்டத்தின் உண்மையான அடித்தளம் தேர்வுதான் என்று சொன்னால் பேராசிரியர்கள் கோபிக்கலாம். பிளஸ் டூ பிள்ளைகளைப் பெற்றவர்கள் கோபிக்க மாட்டார்கள். பல தனியார் பள்ளிகள் பதினொன்றாம் வகுப்புப் பாடத்தைத் தொட்டும் தொடாமலும் விட்டுவிட்டு, பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகத்தையே இரண்டு ஆண்டுகள் உருப்போட வைத்தன. 2017இல் நீட் வந்து கதவைத் தட்டியபோது அந்தக் கேள்விகளில் பாதி, தாண்டிவிட்டுப் போன வகுப்பிலிருந்து வந்தன.

அரசு இரண்டு வேலை செய்தது. அண்ணா பல்கலைக்கழக முன்னாள் துணைவேந்தர் மு.அனந்தகிருஷ்ணன் தலைமையில் குழு அமைத்துப் புதிய பாடத்திட்டம் எழுதியது; 2018இல் 1, 6, 9, 11ஆம் வகுப்புகளுக்குப் புதிய நூல்கள் வந்தன. கியூஆர் குறியீடும் நேர்த்தியான வடிவமைப்புமாக அவை பாராட்டுப் பெற்றன. மேல்வகுப்பு நூல்கள் கனத்தும் போயின. பாடம் முடியவில்லை என்ற புலம்பல் ஆசிரியர் அறைகளில் இன்றும் ஓயவில்லை. இரண்டாவது வேலை, 2017-18 முதல் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு. பாடத்தைத் தாண்டாமல் இருக்கத் தேர்வைத் தவிர வேறு வேலி அரசுக்குத் தோன்றவில்லை. முதல் தேர்வு நடந்து ஓராண்டு முடிவதற்குள் அந்த மதிப்பெண் உயர்கல்விக்குக் கணக்கில் வராது என்று அறிவித்ததில் வேலியும் சாய்ந்தது.

2025 ஆகஸ்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கையோடு பிளஸ் ஒன் பொதுத்தேர்வும் போய்விட்டது. பதினாறு வயதில் ஒரு சுமை குறைந்தது, நல்லதுதான். அந்தப் பழைய குறுக்குவழியும் இப்போது மறுபடி திறந்துதான் கிடக்கிறது. முதல் பாடம் முதல் கடைசிப் பாடம் வரை பதினொன்றாம் வகுப்புப் புத்தகம் நடத்தப்படுகிறதா என்பதை, பரமக்குடியிலும் மற்ற ஊர்களிலும், மதிப்பெண் பட்டியலைப் பார்த்து இனிக் கண்டுபிடிக்க முடியாது. வகுப்பறைக்குள் போய்த்தான் பார்க்க வேண்டும்.